சுழி பார்த்து வாங்குங்கள்! லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டருக்கு எந்தப் பாகம் பொருந்தும்?

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்ற பேச்சு மும்பைத் தமிழர் வீடுகளில் இப்போது அடிக்கடி எழுகிறது. பிள்ளைகளின் படிப்புக்கு வேண்டும். கணக்கு எழுதுகிறவர்கள் ஆபீசில் மிஞ்சிய வேலையை இரவில் வீட்டில் முடிக்க வேண்டும். ரெயில் டிக்கெட் எடுக்க வேண்டும்; ஊரில் உள்ள நிலத்துக்குப் பட்டா பார்க்க வேண்டும். கையில் உள்ள போனிலேயே எல்லாவற்றையும் செய்துவிட முடிவதில்லை.

இந்த நிலையில், 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய மெஷின்கள் பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ஆகவே, போனஸ் பணத்தையும் சீட்டு எடுத்த பணத்தையும் சேர்த்துப் புதிய கம்ப்யூட்டர் வாங்க லாமிங்டன் ரோட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. விண்டோஸ் விலையை மிச்சப்படுத்தி, லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்களும் அவர்களில் உண்டு.

நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை. விண்டோசுக்காக வாங்கும் பாகங்களை வாங்கி வந்து, பிறகு லினக்சைப் போட்டுப் பார்ப்போம் என்றால் சில சமயம் கையைக் கடிக்கும். ஊரில் உழவு மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு அடி நடக்கவிட்டும் பார்ப்பார். லினக்ஸ் கம்ப்யூட்டருக்கும் சுழி உண்டு. அதைப் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

லினக்ஸ் என்பது என்ன?

பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-ல் எழுதத் தொடங்கியது லினக்ஸ். அப்போது அவருக்கு வயது 21. யாரும் பயன்படுத்தலாம், நகல் எடுக்கலாம், மாற்றி எழுதலாம் என்ற உரிமத்தின் கீழ் அதை 1992-ல் கொண்டுவந்தார். ஆகவே, லினக்சுக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது.

இலவசம் என்றால் மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனின் கருப்பகுதி லினக்ஸ்தான். 2017-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான பட்டியலில், உலகின் மிகவேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்சில்தான் ஓடின.

நமக்கும் இது புதிதல்ல. சென்னையில் உள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற லினக்சை 2007-ல் வெளியிட்டது. தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோசோடு பாஸ் லினக்சும் அதில் இருந்தது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்சில்தான் படிக்கிறார்கள்.

உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் என்று பல பெயர்கள் காதில் விழும். பயப்பட வேண்டியதில்லை. ஒரே மாவில் இட்லியும் சுடலாம், தோசையும் சுடலாம் அல்லவா? அதுபோல உள்ளே உள்ள கரு ஒன்றுதான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு எளிது.

துபாஷி வேண்டும்

ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கு இந்தி தெரியாது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் வியாபாரம் நடக்காது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவரைத் துபாஷி என்பார்கள். கம்ப்யூட்டருக்குள் அந்த வேலையைச் செய்வது 'டிரைவர்' என்னும் சிறு சாப்ட்வேர். பிரின்டரோ, வைபை கார்டோ, எதுவானாலும் அதனுடன் பேச ஒரு டிரைவர் வேண்டும்.

விண்டோசுக்கு டிரைவர் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் பாகத்தைச் செய்த கம்பெனி. லினக்சில் பெரும்பாலான டிரைவர்கள் 'கெர்னல்' என்னும் கருப்பகுதிக்குள்ளேயே இருக்கின்றன. இதில் ஒரு லாபமும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு.

லாபம் என்னவென்றால், டிரைவர் கருவுக்குள் வந்துவிட்ட பாகம் பொருத்தியவுடன் வேலை செய்யும். சி.டி. தேட வேண்டியதில்லை, இன்டர்நெட்டில் அலைய வேண்டியதில்லை. தொல்லை என்னவென்றால், சென்ற மாதம் சந்தைக்கு வந்த பாகத்துக்கு டிரைவர் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. புதிய கெர்னல் சுமார் இரண்டு, இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. ஆனால் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. டெபியனும் ஏறக்குறைய அப்படியே. நடுவில் வந்த பாகங்களுக்கு அது உடனே ஈடுகொடுக்காது.

ஆகவே, லினக்சுக்குப் பாகம் வாங்குகிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: புதியதைத் தேடாதீர்கள்; பழகியதைத் தேடுங்கள். சந்தைக்கு வந்து ஓராண்டாவது ஆன மாடலை வாங்கினால் தொல்லை குறைவு. விலையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும்.

பிராசசர்: கடைசி எழுத்தைக் கவனியுங்கள்

இன்டெல், ஏஎம்டி என்ற இரண்டு கம்பெனிகளின் பிராசசரும் லினக்சில் நன்றாக ஓடும். அந்தக் கவலை வேண்டாம். கவனிக்க வேண்டியது பெயரின் கடைசியில் உள்ள எழுத்து.

இன்டெல் ஐ3-12100 என்ற பிராசசரில் படம் காட்டும் கிராபிக்ஸ் பகுதி உள்ளேயே இருக்கிறது. ஐ3-12100எப் என்று கடைசியில் 'எப்' சேர்ந்தால் அந்தப் பகுதி கிடையாது. விலை சற்றுக் குறைவு. 'மலிவாகத் தருகிறேன்' என்று கடைக்காரர் அதைக் காட்டுவார். வாங்கினால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் வாங்கித்தான் ஆக வேண்டும். மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு அங்கே போய்விடும்.

ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி போன்ற, 'ஜி' எழுத்தில் முடியும் வகையில் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. 5600 என்று மட்டும் இருந்தால் கிடையாது. 2022 முதல் ஏஎம்5 மதர்போர்டுக்காக வந்த ரைசன் 7000 வரிசையில், 'எப்' என்று முடியாதவற்றில் சிறிய கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது.

கணக்கு எழுத, கடிதம் அடிக்க, வீடியோ பாடம் பார்க்க, பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழக ஐ3-12100 தாராளமாகப் போதும். அதில் 4 கோர், 8 திரெட் உண்டு. இஞ்சினீயரிங் படிக்கும் பிள்ளை இருந்தால் 6 கோர் உள்ள 5600ஜி நல்லது. இரண்டும் 2021, 2022-ல் வந்தவை. லினக்சுக்கு நன்கு பழகியவை.

கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா?

பெரும்பாலோருக்கு வேண்டாம். பிராசசருக்குள் உள்ள கிராபிக்சுக்கு இன்டெல், ஏஎம்டி இரண்டுமே டிரைவரைக் கெர்னலுக்குள் கொடுத்துவிட்டன. தனியாக எதுவும் ஏற்ற வேண்டியதில்லை.

வீடியோ எடிட்டிங், பெரிய விளையாட்டுகள், ஏ.ஐ. படிப்பு என்று தேவை இருந்தால்தான் தனிக் கார்டு. ஏஎம்டி ரேடியான் கார்டுகளுக்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. நிவிடியா கார்டுக்கு அந்தக் கம்பெனியின் டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டும். 2012-ல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்தில் லினஸ் டோர்வால்ட்சே அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கடுமையாகத் திட்டினார். 2022-ல் நிறுவனம் தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்து வெளியிட்டது. இன்று உபுண்டுவிலும் மின்டிலும் ஒரு பட்டனை அழுத்தினால் நிவிடியா டிரைவர் ஏறிவிடும். ஏ.ஐ. படிக்கிறவர்கள் பெரும்பாலும் நிவிடியாவைத்தான் நாடுகிறார்கள்.

ஆனால், 'சும்மா ஒரு கார்டு போட்டுக்கொள்ளுங்கள்' என்று கடைகளில் தரும் ஜிடி 710 போன்ற பழைய கார்டை வாங்க வேண்டாம். அது கெப்ளர் என்ற பழைய வகையைச் சேர்ந்தது. 2021-ல் வந்த புதிய டிரைவர் வரிசையிலிருந்தே நிவிடியா அந்த வகையை நீக்கிவிட்டது. பழகியது நல்லது என்று சொன்னோம், கைவிடப்பட்டது நல்லதல்ல.

மதர்போர்டும் வைபையும்

மதர்போர்டில் உள்ள லேன் சாக்கெட், ஒலி, யுஎஸ்பி ஆகியவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. சுழி இருப்பது வைபையில்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பென் டிரைவ் போன்ற யுஎஸ்பி வைபை குச்சிகள் பலவற்றுக்கு டிரைவரைத் தனியாகத் தேடி ஏற்ற வேண்டியிருக்கிறது. கெர்னல் மாறும்போது அது நின்றுபோகும். மறுபடியும் ஏற்ற வேண்டும். இன்டர்நெட் இல்லாமல் டிரைவர் எடுக்க முடியாது. டிரைவர் இல்லாமல் இன்டர்நெட் கிடையாது! இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பெயரும் ஒரே டப்பாவும் இருக்க, உள்ளே உள்ள சிப் மட்டும் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கும். ஆகவே கடைக்காரரிடம் பிராண்டைக் கேட்காதீர்கள், சிப்பைக் கேளுங்கள்.

இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 சிப் உள்ள கார்டுகள் லினக்சில் போட்டவுடன் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று சற்றே மாறிய எண்கள் உண்டு. அவை அதற்கேற்ற இன்டெல் பிராசசர், போர்டு இருந்தால்தான் ஓடும். ஏஎம்டி போர்டில் ஓடா. ஒற்றை எண் வித்தியாசம்தான், கவனம் தேவை.

வீட்டில் மோடம் கிட்டவே இருந்தால் லேன் ஒயரே மேல். அவசரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதைப் போட்டால், ஆண்ட்ராய்டு போனின் இன்டர்நெட்டை லினக்ஸ் உடனே எடுத்துக்கொள்ளும்.

பணத்தை எங்கே போடுவது?

விண்டோஸ் லைசென்சில் மிஞ்சும் சில ஆயிரம் ரூபாயை மூன்று இடத்தில் போடுங்கள்: மெமரி, எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்.

மெமரி 8 ஜிபி இருந்தால் ஓடும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. லினக்ஸ் குறைவாகத்தான் சாப்பிடும். ஆனால் இன்டர்நெட் பக்கங்களைத் திறக்கும் பிரவுசர் எந்த ஊரிலும் பெரும்பசிக்காரன். உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசசருக்கு 16 ஜிபி ஒரே துண்டாக இருப்பதைவிட 8 ஜிபி இரண்டு துண்டாக இருந்தால் வேகம் கூடும். ஏ.ஐ. நிலையங்களின் தேவையால் 2025-ன் கடைசி மாதங்களில் மெமரி விலை உலகெங்கும் கிடுகிடுவென்று ஏறியது. கையில் பணம் குறைவாக இருந்தால் இப்போது ஒரு துண்டு 8 ஜிபி மட்டும் போட்டு, மற்றொரு சந்தைக் காலியாக விட்டுவைக்கலாம். டிடிஆர்4 மெமரி டிடிஆர்5 போர்டில் பொருந்தாது. ஒரே எச்610 பெயரில் இரண்டு வகை போர்டும் விற்கிறார்கள். பார்த்து வாங்குங்கள்.

எஸ்.எஸ்.டி. 500 ஜிபி போதும். லினக்சுக்கு மட்டும் 30 ஜிபி ஒதுக்கினால் ஆயிற்று, மற்றதெல்லாம் உங்களுக்கு. என்விஎம்ஈ வகை எஸ்.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் பொது டிரைவர் கெர்னலில் இருக்கிறது. இன்டெல் மெஷின் சிலவற்றில் லினக்சுக்கு டிஸ்க் தெரியாமல் போனால் பதற வேண்டாம். பயாசில் 'ரெய்டு' அல்லது 'ஆர்எஸ்டி' என்று இருப்பதை 'ஏஎச்சிஐ' என்று மாற்றினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ். என்னும் பவர் சப்ளையில் கஞ்சத்தனம் கூடாது. கேபினெட்டோடு சேர்த்துத் தரும் பெயரில்லாத டப்பாவில் 450 வாட் என்று ஒட்டியிருக்கும். அது போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். '80 பிளஸ்' முத்திரை உள்ளதை வாங்குங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு 450 வாட்டே மிகுதி. 600 விஏ யுபிஎஸ் ஒன்று இருந்தால், கரண்ட் போனாலும் எழுதியதைச் சேமித்து முறையாக நிறுத்த அவகாசம் கிடைக்கும்.

மும்பைக்கென்று ஒரு சொல். கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள். 2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இங்கே இருந்தவர்கள் யாரும் மறக்க முடியாது. தாழ்வான இடத்தில் குடியிருப்பவர்கள் மேசைக்கு மேலேயே கம்ப்யூட்டருக்கு இடம் ஒதுக்குங்கள். பெரிய கேபினெட் வேண்டாம். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டும் சிறிய கேபினெட்டும் பத்துக்குப் பத்து அறைக்குப் போதும்.

பிரின்டரில் ஏமாறாதீர்கள்

கம்ப்யூட்டர் முழுவதும் நன்றாக ஓடி, பிரின்டர் மட்டும் மௌனமாக இருப்பது லினக்ஸ்காரர்கள் அடிக்கடி காணும் காட்சி. 'ஏர்பிரின்ட்' என்ற குறி உள்ள பிரின்டர்களை டிரைவர் இல்லாமலே லினக்ஸ் கண்டுகொள்ளும். அந்தக் குறி போனுக்கென்று போட்டதுதான், நமக்கும் பயன்படுகிறது. எச்பி பிரின்டர் பலவற்றுக்கு 'எச்ப்லிப்' என்ற சாப்ட்வேர் லினக்சிலேயே கிடைக்கும்.

நம் ஊர் ஆபீஸ்களில் எங்கு பார்த்தாலும் இருக்கும் கேனன் எல்பிபி2900 லேசர் பிரின்டர் 'கேப்ட்' என்ற தனிமொழி பேசுவது. அதை லினக்சில் ஓட்டப் பாடுபட வேண்டும். ஆபீசில் கழித்துப் போட்டதை மலிவாகத் தருகிறார்கள் என்று முன்யோசனை இல்லாமல் வாங்க வேண்டாம்.

லினக்ஸ் யாருக்கு ஒத்துவராது?

இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். டேலி கணக்கு சாப்ட்வேர் விண்டோசுக்காக எழுதப்பட்டது. வீட்டில் டேலியில் கணக்கு எழுதிச் சம்பாதிக்கிறவர்கள் விண்டோசையே வைத்துக்கொள்வது நல்லது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கைரேகைக் கருவி வைத்துத் தொழில் செய்கிறவர்கள், அந்தக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டும். வாலரன்ட் போன்ற சில விளையாட்டுகள் லினக்சில் ஓடா. வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்பார்கள், முன்பே சொல்லிவிடுங்கள்.

கடிதம், கணக்குத் தாள் ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபீஸ் உண்டு. வங்கி, ரெயில்வே, ஜி.எஸ்.டி. பக்கங்கள் பிரவுசரில் திறக்கும்.

'விண்டோசையும் நானே சும்மா போட்டுத் தருகிறேன்' என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. அது பெரும்பாலும் கள்ளப் பிரதி. கள்ளப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி குற்றம். பூட்டை உடைத்துத் தந்த அந்தப் பிரதியோடு வேறு என்ன நுழைந்திருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது. வங்கிக் கணக்கைத் திறக்கும் மெஷினில் அது வேண்டாம்.

பழைய ஆபீஸ் மெஷின்

புதியது வாங்கும் அளவுக்குக் கை வளமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இன்டெல் வரிசையில் 8-வது தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அதனால் நல்ல நிலையில் உள்ள கம்பெனி மெஷின்களைக் கூட ஆபீஸ்கள் கழித்துவிடுகின்றன. 6-வது, 7-வது தலைமுறை மெஷினில் புது எஸ்.எஸ்.டி. போட்டு, 8 ஜிபி மெமரி வைத்தால் லினக்ஸ் மின்ட் சுகமாக ஓடும். ஒன்றை மட்டும் பாருங்கள். இவற்றில் பலவற்றின் எஸ்.எம்.பி.எஸ்.சும் போர்டும் அந்தந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். கெட்டால் பொதுச் சந்தைப் பாகம் பொருந்தாது.

புதிய கம்பெனி மெஷின் வேண்டுமென்றால், 'டாஸ்' அல்லது 'உபுண்டு' என்று குறித்து விற்பதைக் கேளுங்கள். அதில் விண்டோஸ் விலை சேராது. உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் தான் சோதித்துச் சான்று கொடுத்த மாடல்களின் பட்டியலையும் வெளியிடுகிறது.

கடையில் நடக்கவிட்டுப் பாருங்கள்

லினக்சில் ஒரு பெரிய வசதி உண்டு. டிஸ்கில் ஏற்றாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். தெரிந்தவர் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு பைலை இறக்கி, 'ரூபஸ்' போன்ற சாப்ட்வேரால் பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும், கவனம்.

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கி லாமிங்டன் ரோடு போனாலும் சரி, டெல்லியில் நேரு பிளேஸ் போனாலும் சரி, பெங்களூரில் எஸ்.பி. ரோடு போனாலும் சரி, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒரு நிபந்தனை சொல்லிவிடுங்கள்: 'பூட்டிக் கொடுத்த பிறகு என் பென் டிரைவில் ஓட்டிப் பார்ப்பேன். எந்தப் பாகம் ஓடவில்லையோ அதை மாற்றித் தர வேண்டும்.' ஒப்புக்கொண்டால் பேரம் பேசுங்கள். ஒப்பாவிட்டால் அடுத்த கடை இருக்கிறது.

ஓட்டும்போது இவற்றைப் பாருங்கள்: மானிட்டரில் எழுத்து தெளிவாக, முழு அளவில் வருகிறதா? ஒலி வருகிறதா? வைபை பட்டியல் தெரிகிறதா? லேன் ஒயரைச் செருகினால் இன்டர்நெட் வருகிறதா? யுஎஸ்பி சாக்கெட்டுகள் எல்லாம் வேலை செய்கின்றனவா? கம்ப்யூட்டரைத் தூங்கவைத்து எழுப்பினால் எழுகிறதா? டெர்மினலில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்தையும் சேர்த்துச் சிறிய எழுத்தில் அடித்தால், உள்ளே உள்ள சிப்புகளின் பெயர்கள் வரிசையாக வரும். கடைக்காரர் சொன்னதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று அதில் தெரிந்துவிடும். எல்லாம் சேர்ந்து கால் மணி நேர வேலை.

பில்லையும் கவனிக்க வேண்டும். 'கச்சா பில் போட்டால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம்' என்பார்கள். கச்சா பில்லைக் காட்டி வாரண்டி கேட்க முடியாது. பக்கா பில் வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் நம்பரும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பிராசசர் அதன் டப்பாவோடு வந்ததா, உதிரியாக வந்ததா என்று கேளுங்கள். கம்பெனி டப்பாவில் வருவதற்கே முறையான வாரண்டி. டப்பாக்களை எறிந்துவிடாமல் வாரண்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள்.

வாங்கிய பிறகு

கற்றுக்கொள்ள ஆயிரக்கணக்கில் கொடுத்து வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. நம் பொவாயில் உள்ள ஐ.ஐ.டி. பம்பாயில் உருவான 'ஸ்போக்கன் டுட்டோரியல்' திட்டத்தில் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் அடிக்க எழுத்துருவை விலைக்கு வாங்க வேண்டாம். 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்சில் கிடைக்கிறது. பள்ளியில் மராத்தியும் இந்தியும் படிக்கும் பிள்ளைக்கு அதே மெஷினில் அந்த எழுத்துக்களும் உண்டு.

ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சேர்த்த பணம், ஒரு பிற்பகலில் கடை மேசையில் கைமாறுகிறது. கடைக்காரர் சொல்லும் வேகத்தில் தலையாட்டிவிடாதீர்கள். மேலே சொன்னவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். முதல் நாள் விலை மட்டும் கேட்டு எழுதிவந்து, வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து யோசித்து, அடுத்த வாரம் போய் வாங்குங்கள். அவசரப்படாதவருக்கு இந்தச் சந்தையில் நஷ்டம் வருவது அரிது.